சிறுநீர்ப்பை அகற்றியபின் ஸ்டோமாவைச் சுற்றி வரும் ஹெர்னியா: புதிதாக எதிர்கொள்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறுநீர்ப்பையை அகற்றி, வயிற்றில் ஸ்டோமா (சிறுநீர் வெளியேற அமைக்கும் திறப்பு) வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்களில் கணிசமானோருக்கு, சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ, ஸ்டோமாவைச் சுற்றியுள்ள வயிறு மெல்லப் புடைக்கத் தொடங்கும். காலையில் படுக்கையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. மாலையில் குளிக்கப்போகும்போது ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்டவர்கள் கட்டிதான் திரும்பிவிட்டது என்று பதறிப்போவதுண்டு. படுத்தால் உள்ளே போய், நின்றால் வெளியே வருகிற இப்படியான புடைப்பு பெரும்பாலும் ஹெர்னியாதான், குடலிறக்கம். ஆனாலும் மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்லும்வரை நீங்களாக ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

இது வந்தவர்களில் பலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படுவதில்லை. அவர்களுக்கு அன்றாடம் தொல்லை தருவது புடைப்பைவிட, அதன்மேல் சிறுநீரைச் சேகரிக்கும் பை சரியாக ஒட்டாமல் சிறுநீர் கசிவதுதான். ஆகவே பை ஒட்டும் வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறோம். கூடவே, ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நேரம் எது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது

சிறுநீர்ப்பையை எடுத்தபின் சிறுநீர் வெளியே வர ஒரு வழி வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 15 முதல் 20 செ.மீ. நீளமுள்ள ஒரு துண்டைத் தனியே பிரித்து, இரண்டு சிறுநீரகங்களிலிருந்து வரும் குழாய்களை அதில் இணைத்து, அதன் மறுமுனையை வயிற்றுச் சுவரின் வழியே வெளியே கொண்டுவந்து தைக்கிறார்கள். வெளியே சிவப்பாகத் தெரியும் அந்த முனைதான் ஸ்டோமா. 1950-இல் யூஜீன் பிரிக்கர் விவரித்துப் பரவலாக்கிய இந்த முறைதான் இன்றும் பெரும்பாலான இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. குடலின் மீதிப் பகுதி மறுபடி இணைக்கப்பட்டுவிடுவதால், மலம் எப்போதும்போல ஆசனவாய் வழியாகவே போகும். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் ஆபத்து அறிகுறிகளைப் பற்றிப் பேசும்போது இது முக்கியமாகிறது.

வயிற்றுச் சுவருக்கு வலுவைத் தருவது தோலும் கொழுப்பும் அல்ல. தசையை மூடியிருக்கும் உறுதியான நார்த்திசுப் படலம்தான் உண்மையான தாங்கு சக்தி. ஸ்டோமாவுக்காக அதில் ஒரு துளை போட்டே ஆகவேண்டும். துளை சிறிதாக இருந்தால் குடலுக்கு ரத்த ஓட்டம் தடைபடும், பெரிதாக இருந்தால் பக்கத்தில் இடைவெளி விழும். எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், அங்கே இயல்பாகவே பலவீனமான ஓர் இடம் உருவாகிவிடுகிறது. இருமும்போதும், தும்மும்போதும், மலம் கழிக்க முக்கும்போதும், பாரம் தூக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி அந்தத் துளையின் விளிம்பை வெளிப்பக்கமாக இழுக்கும். துளை விரியவிரிய அதே அழுத்தத்துக்கு விளிம்பில் விழும் இழுவிசையும் கூடும். அதனால்தான் ஹெர்னியா ஒருமுறை ஆரம்பித்தால் தானாகச் சுருங்குவதில்லை. மெதுவாகப் பெருக்கும் அல்லது ஓர் அளவில் நின்றுவிடும்.

அந்த இடைவெளி வழியே தோலுக்கடியில் வந்து உட்காருவது வயிற்றுக் கொழுப்புத் திரையாக இருக்கலாம், சிறுகுடலின் வளையமாக இருக்கலாம், சிறுநீர் கொண்டுவரும் அந்தக் குடல் துண்டே வளைந்து புகுந்தும் இருக்கலாம். மூன்றின் விளைவும் வேறுவேறு. கொழுப்பு மட்டும் என்றால் புடைப்போடு சரி. சிறுகுடல் வந்தால் அடைப்பு ஏற்படும் அபாயம் உண்டு. சிறுநீர்த் துண்டு மடங்கினால் சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கும் அபாயம் உண்டு. எது வந்திருக்கிறது என்பது சிடி ஸ்கேனில்தான் உறுதியாகத் தெரியும்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்? உடல் எடை கூடியவர்கள், முக்கியமாக பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) 30-ஐத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், நாள்பட்ட இருமல் உள்ளவர்கள், மலச்சிக்கலால் அன்றாடம் முக்குபவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், அறுவைக்கு முன் உடல் மெலிந்து புரதச்சத்து குறைந்தவர்கள், ஏற்கெனவே வேறு இடத்தில் ஹெர்னியா வந்தவர்கள். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சற்று அதிகம். இதில் எதுவும் இல்லாதவர்களுக்கும் வருகிறது என்பதால், வந்துவிட்டதே என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

முதல் மூன்று மாதம்

அறுவைக்குப் பின் நார்த்திசு ஓரளவு வலுப்பெறவே பல வாரங்கள் ஆகும். ஹெர்னியா வராமல் தடுப்பதற்கு உங்கள் கையில் இருக்கும் வாய்ப்பு இந்தக் காலத்தில்தான் அதிகம்.

படுக்கையிலிருந்து எழும் முறையை முதலில் மாற்றுங்கள். மல்லாந்து படுத்தபடியே தலையையும் தோளையும் தூக்கி எழுவது வயிற்றின் நடுத்தசைகளை ஒரேயடியாக இறுக்கும். அதற்குப் பதிலாக:

1. இரண்டு முழங்கால்களையும் மடக்குங்கள்.
2. தோளும் இடுப்பும் சேர்ந்தே திரும்பும்படி, உடம்பைத் திருகாமல் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுங்கள்.
3. கால்களைக் கட்டிலின் ஓரத்திலிருந்து கீழே தொங்கவிடுங்கள்.
4. மூச்சை வெளியே விட்டபடியே, கீழே இருக்கும் முழங்கையாலும் மேலே இருக்கும் உள்ளங்கையாலும் மெத்தையை அழுத்தி உட்காருங்கள்.

படுக்கப்போகும்போது இதையே தலைகீழாகச் செய்யவேண்டும்.

இருமல் வரும்போது ஸ்டோமாவையும் அதைச் சுற்றிய பகுதியையும் விரித்த உள்ளங்கையாலோ மடித்த துண்டாலோ மென்மையாக, ஆனால் உறுதியாக உள்நோக்கித் தாங்கிப் பிடியுங்கள். தும்மலுக்கும் இதுதான். வாய்விட்டுச் சிரிக்கும்போதும் இதுதான். சில நாளில் கை தானாகவே அங்கே போய்விடும். விடாமல் இருமினால் அதற்கு முதலில் வைத்தியம் பாருங்கள். ஒரு நாளைக்கு நூறுமுறை இருமுகிறவருக்கு எந்த பெல்ட்டும் முழுப் பாதுகாப்பு தராது.

பாரத்தைப் பொறுத்தவரை, முதல் 6 வாரம் 2 அல்லது 3 கிலோவுக்கு மேல் தூக்கவேண்டாம். அதன்பின் படிப்படியாகக் கூட்டலாம், ஆனால் 3 மாதம் முடியும்வரை கனமான எதையும் தொடவேண்டாம். உங்கள் அறுவை மருத்துவர் இதைவிட நீண்ட கெடு சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி. பிறகு தூக்கும்போதும் முழங்காலை மடக்கி, பொருளை உடம்போடு ஒட்டி அணைத்து, தூக்கும் அந்த நொடியில் மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவதுதான் வயிற்றழுத்தத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. பலரும் மறந்துவிடுகிற இன்னொன்று, தரையில் கிடக்கும் கனமான சாமானைக் காலால் தள்ளுவதும், இறுகிப்போன ஜன்னலை இழுத்துத் திறப்பதும்கூட பாரம் தூக்கும் கணக்கில்தான் சேரும்.

மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரைகளில் சில வகைகள் மலத்தை இறுக்கும் என்பதால், வீட்டுக்கு அனுப்பும்போதே மலமிளக்கி எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் குடிக்க வேறு கட்டுப்பாடு இல்லாதவர்கள் நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லிட்டர் குடிக்கவேண்டும். குடலுக்கும் நல்லது, சிறுநீரகத் தொற்றையும் தள்ளிவைக்கும்.

உடற்பயிற்சியே கூடாது என்று ஒதுங்கிவிடுவது தவறு. ஓய்ந்து கிடந்தால் வயிற்றுத் தசைகள் இன்னும் தளரும். மருத்துவர் சம்மதித்தபின் எளிமையான மூன்று பயிற்சிகளில் ஆரம்பிக்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டு, மூச்சை விடும்போது தொப்புளை முதுகெலும்பை நோக்கி மெதுவாக உள்ளிழுத்து 3 முதல் 5 நொடி வைத்திருப்பது ஒன்று. அதே நிலையில் கீழ்முதுகைப் படுக்கையோடு ஒட்ட அழுத்தி, இடுப்பைச் சற்றே மேல்நோக்கிச் சாய்ப்பது இரண்டு. முழங்கால்கள் இரண்டையும் சேர்த்து வலமும் இடமுமாகக் கொஞ்சம் மட்டும் சாய்ப்பது மூன்று. ஒவ்வொன்றையும் ஐந்து தடவையில் தொடங்கிப் பத்து வரை கூட்டலாம், நாளுக்கு மூன்று வேளை. கூடவே நடை. படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியும், இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்குவதும், பிளாங்க்கும் இப்போதைக்கு வேண்டாம். பயிற்சி செய்யும்போது ஸ்டோமாவின் பக்கம் முட்டிக்கொண்டு வெளியே வந்தால், அந்தப் பயிற்சி உங்களுக்கு இன்னும் அதிகப்படி என்று அர்த்தம்.

அறுவைக்கு இனிமேல்தான் போகப்போகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, ஸ்டோமா வைக்கப்போகும் இடத்தை முன்கூட்டியே உட்கார்ந்தும், நின்றும், குனிந்தும், படுத்தும் பார்த்துக் குறித்துத் தருவார்களா என்பது. இடுப்புப் பட்டை விழும் கோட்டிலோ தோல் மடிப்பிலோ ஸ்டோமா அமைந்தால் பிற்காலத்தில் பை ஒட்டுவது பெரும்பாடு. இன்னொன்று, ஹெர்னியா வராமல் தடுக்க, வயிற்றுச் சுவரைத் தாங்கும் மெஷ் வலையை அறுவையின்போதே வைப்பது பற்றி. சுவீடனில் 242 பேரை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், இதே அறுவையில் தசைக்குப் பின்னால் எடை குறைந்த வலை வைத்தவர்களுக்கு இரண்டு ஆண்டில் ஹெர்னியா வந்தது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. எல்லா அறுவை மருத்துவர்களும் இதை வழக்கமாகச் செய்வதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறேதும் இல்லை.

புடைப்பை அளந்து வைப்பது

ஹெர்னியா என்று உறுதியானதும் முதலில் செய்யவேண்டியது, அதன் வழக்கமான போக்கைப் பதிவு செய்வது. ஏதாவது கோளாறு வரும்போது 'முன்பு எப்படி இருந்தது' என்று மருத்துவர் கேட்பார். ஞாபகத்தை நம்பிச் சொல்லும் பதில் அவ்வளவாக உதவாது.

ஆளுயரக் கண்ணாடி முன் பை இல்லாமல் நில்லுங்கள், சிறுநீர் வழியாமல் ஸ்டோமாவின் வாயில் மடித்த காஸ் துணியைப் பிடித்துக்கொண்டு. புடைப்பின் அகலத்தையும் உயரத்தையும் தையல் டேப்பால் அளந்து எழுதுங்கள். முன்பக்கமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஒருமுறை இருமிப் பார்த்து, எவ்வளவு கூடுகிறது என்று கவனியுங்கள். அடுத்து மல்லாந்து படுத்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள்: முழுவதும் உள்ளே போகிறதா, பாதிதான் போகிறதா, தொட்டால் மெதுமெதுவென்று இருக்கிறதா. கடைசியாக ஸ்டோமாவின் குறுக்களவு. நின்றபடி ஒருமுறை, படுத்தபடி ஒருமுறை. ஹெர்னியா இருப்பவர்களுக்கு இந்த இரண்டு அளவும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. வட்டமாக இருந்த ஸ்டோமா நிற்கும்போது நீள்வட்டமாக இழுபடும், அல்லது தோலோடு தோலாகத் தட்டையாகிவிடும்.

மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். தினமும் அளப்பது கவலையைத்தான் வளர்க்கும்.

பை கசிவதும் அதைச் சரிசெய்வதும்

மலப் பை வைத்திருப்பவர்களைவிடச் சிறுநீர்ப் பை வைத்திருப்பவர்களுக்கு ஹெர்னியாவால் கஷ்டம் அதிகம். சிறுநீர் தண்ணீராக இருக்கிறது, இரவு பகல் பாராமல் வந்துகொண்டே இருக்கிறது. தோலுக்கும் ஒட்டுத்தட்டுக்கும் (பையைத் தோலோடு பிடித்துவைக்கும் பசைத் தகடு) நடுவே ஒரு மயிரிழை சுருக்கம் கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும்.

கசிவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் புதுப்புதுப் பைகளாக வாங்கிப் பார்ப்பதில் பலனில்லை. கழற்றிய ஒட்டுத்தட்டைத் தூக்கி எறியாமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிறுநீர் புகுந்த இடம் வெளுத்து, ஊறி, கூழாகியிருக்கும். அந்தத் தடம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் விடை. கீழ்ப்பக்கமாக ஓடினால் பெரும்பாலும் புடைப்பின் அடிச்சரிவில் தட்டு தூக்கிக்கொண்டிருக்கிறது. துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஊறியிருந்தால் துளையின் அளவு பெரிதாகிவிட்டது, அல்லது ஸ்டோமா தட்டையாகிவிட்டது. ஓரங்கள் மட்டும் மடிந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், தட்டையான தகடு வளைந்த மேட்டில் படியவில்லை என்று பொருள்.

பையை மாற்றும் வேலையைக் காலையில், எழுந்ததும் எதுவும் குடிப்பதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வரத்து அப்போதுதான் குறைவாக இருக்கும். தேவையானவை: புதிய பை, ஸ்டோமாவின் அளவுக்கு வெட்டிய மாதிரி அட்டை, கத்தரி, வெதுவெதுப்பான தண்ணீர், உலர்ந்த மென்துணி, நீளமாகச் சுருட்டிய காஸ் நான்கைந்து, ஒட்டு நீக்கி, நிற்கவைக்கும் கண்ணாடி. புடைப்பு பெரிதானவர்களுக்குக் குனிந்து பார்த்தால் ஸ்டோமாவின் கீழ்ப்பாதி கண்ணுக்கே தெரியாது. கையால் தடவி உத்தேசமாக ஒட்டும்போது தட்டு சற்றே விலகிவிடும், கசிவில் பாதி அங்கேதான் ஆரம்பம். கண்ணாடியை ஸ்டோமாவின் உயரத்துக்குச் சற்றுக் கீழே, மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

1. பழைய பையைக் காலி செய்து, ஒட்டு நீக்கியை ஓரத்தில் தெளித்து, ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்தபடி மேலிருந்து கீழாக உரியுங்கள். ஹெர்னியாவின் மேல் தோல் இழுபட்டு மெலிந்திருக்கும். வெடுக்கென்று பிடுங்கினால் கிழிந்துவிடும்.
2. சுருட்டிய காஸை ஸ்டோமாவின் வாயில் வைத்துக்கொள்ளுங்கள். நனைய நனைய மாற்றவேண்டும்.
3. தண்ணீரால் மட்டும் துடையுங்கள். எண்ணெய், கிரீம், ஈரப்பதம் தரும் சோப் எதுவும் கூடாது. இவை தோலில் தங்கினால் எந்தத் தட்டும் ஒட்டாது. சளிபோல வெண்மையாக வருவது குடல் சுரக்கும் கோழை, இயல்பானதுதான். அதைச் சொட்டுக்கூட விடாமல் எடுக்க முயன்று ஸ்டோமாவைத் தேய்க்கவேண்டாம்.
4. ஸ்டோமாவை அளந்து, நின்றபடி எடுத்த பெரிய அளவுக்கு 2 முதல் 3 மி.மீ. மட்டும் கூட்டித் துளை வெட்டுங்கள். நிற்கும் அளவுக்கும் படுக்கும் அளவுக்கும் வித்தியாசம் அதிகமென்றால், இடைவெளியில் வெளியே தெரியும் தோலைக் குழையும் தன்மையுள்ள ஒட்டு வளையத்தால் மூடுங்கள்.
5. தோல் முழுக்க உலர்ந்ததும் நின்றுகொண்டு ஒட்டுங்கள். படுத்தபடி ஒட்டினால் புடைப்பு உள்ளே போயிருக்கும், தோல் சுருங்கியிருக்கும். எழுந்து நின்றதும் தோல் விரிந்து தட்டை இழுத்துப் பிரிக்கும். நிற்க முடியாதவர்கள் பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஒட்டலாம்.
6. துளையின் விளிம்பிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். பிறகு உள்ளங்கையை அதன்மேல் 2 நிமிடமாவது வையுங்கள். ஒட்டு உடல் சூட்டில்தான் இளகிப் பிடிக்கும்.

இப்போது தட்டின் வகை. ஹெர்னியாவுக்கு முன் உங்களுக்குப் பொருந்திய தட்டு இப்போது பொருந்தாமல் போகலாம். இரண்டு பாகமாக வரும் விறைப்பான வளையம் கொண்ட பைகள் மேட்டின்மேல் நிற்காமல் துருத்தும். ஒரே பாகமாக வரும் மென்மையான தட்டு நன்றாக வளைந்து கொடுக்கும். தட்டையான தகட்டின் வெளி ஓரத்தில் உள்நோக்கி ஒரு செ.மீ. நீளத்துக்கு நான்கைந்து இடத்தில் கீறிவிட்டால் மேட்டின்மேல் மடிப்பில்லாமல் படியும். கீறல் துளையை நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புடைப்புக்கென்றே உட்குழிவாகச் செய்த, பூவிதழ்போல ஓரம் கொண்ட தட்டுகளும் கிடைக்கின்றன. அவற்றை வெளிப்புறமாகப் புரட்டி, நடுப்பகுதியை ஸ்டோமாவைச் சுற்றி முதலில் ஒட்டிவிட்டு, பிறகு ஓரங்களை ஒவ்வொன்றாக மேட்டின்மேல் சரித்து ஒட்டவேண்டும். பெரிய உருண்டையான புடைப்புக்கு எங்கள் அனுபவத்தில் இதுதான் முதல் தேர்வு.

மேடான தட்டு, அதாவது உட்பக்கம் குவிந்து தோலை அழுத்தும் வகை, தட்டையான ஸ்டோமாவுக்கு நல்லது. ஹெர்னியாவின்மேல் அதைப் போடும்போது எச்சரிக்கை தேவை. ஏற்கெனவே உள்ளிருந்து தள்ளும் குடலுக்கும் வெளியிலிருந்து அழுத்தும் விறைப்பான தகட்டுக்கும் நடுவே தோல் நசுங்கி, நீலம் பாய்ந்து, புண்ணாகும். ஸ்டோமா தட்டையாகி வேறு வழியில்லை என்றால் மென்மையான வகையை, ஸ்டோமா நர்ஸ் பார்த்துச் சொன்னபின் மட்டும் போடுங்கள்.

ஓரங்கள் தூக்கினால் பிறை வடிவ ஒட்டுப்பட்டைகளைச் சுற்றி ஒட்டலாம். ஆனால் அவை ஓரத்தைப் பிடிக்குமே தவிர, துளையருகே வரும் கசிவை நிறுத்தாது. கசிந்த சிறுநீரை உள்ளேயே பூட்டிவைத்துத் தோலைத்தான் கெடுக்கும். கசிவு தெரிந்தால் மேலே பிளாஸ்திரி போட்டு ஒப்பேற்றாமல் கழற்றி மாற்றுங்கள். பொதுவாக ஒரு தட்டு 2 முதல் 4 நாள் வரை தாங்கவேண்டும். தினமும் மாற்றவேண்டி வந்தால் அளவிலோ வகையிலோ தவறு இருக்கிறது.

பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள். புடைப்பின்மேல் தொங்கும் பை கனத்தால் முன்னே சாய்ந்து தட்டின் மேல்விளிம்பை இழுக்கும். இரவில் 2 லிட்டர் இரவுப் பையோடு இணைக்கும்போது, வயிற்றுப் பையில் கொஞ்சம் சிறுநீரை விட்டுவைத்து இணையுங்கள். குழாயில் காற்றடைப்பு வராமல் ஓட்டம் தொடங்கும். குழாய் புடைப்பின் கீழே மடங்காமல் தொடையோரமாகப் போகட்டும்.

ஸ்டோமாவைச் சுற்றித் தோல் சாம்பல் வெள்ளையாகத் தடித்து, மருப்போலச் சொரசொரப்பாக எழும்பினால், துளை பெரிதாகிச் சிறுநீர் தோலில் தேங்குகிறது என்று அர்த்தம். மணல்போல வெள்ளைப் பரல்கள் ஒட்டியிருந்தால் சிறுநீர் காரத்தன்மையாக இருக்கிறது. வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, காஸில் நனைத்து, பை மாற்றும்போது சில நிமிடம் வைத்திருந்து, பின் தண்ணீரால் கழுவித் துடைக்கவும். தோல் கிழிந்த இடத்தில் எரியும் என்பதால் அங்கே வேண்டாம். துளையின் அளவைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் போட்டால் அது திரும்பத் திரும்ப வரும்.

பெல்ட்

ஹெர்னியா பெல்ட் ஓட்டையை மூடாது. புடைப்பைத் தாங்கி, இழுவலியைக் குறைத்து, நாள் முழுக்க நிற்க நடக்கத் தெம்பு தரும். பெருப்பதை மெதுவாக்கவும் கூடும். அந்த அளவுக்குத்தான் அதனிடம் எதிர்பார்க்கவேண்டும்.

தாங்கும் அளவில் மூன்று படிகள் உண்டு. லேசான தாங்கல் தரும் உள்ளாடை வகை, நடுத்தரம், உறுதியான பெல்ட். புடைப்பு இல்லாதவர்களுக்கும் சிறிதாக உள்ளவர்களுக்கும் முதல் இரண்டு போதும். பெரிதானால்தான் மூன்றாவது. அகலம் 10, 15, 20 செ.மீ. போன்ற அளவுகளில் வரும். புடைப்பின் மேலும் கீழும் இரண்டு செ.மீ.யாவது தாண்டி மூடும் அகலத்தை எடுங்கள். சுற்றளவைப் புடைப்பு உள்ளே போயிருக்கும்படி படுத்த நிலையில், ஸ்டோமா மட்டத்தில் அளக்கவேண்டும்.

துளை வைத்த பெல்ட்டா, துளையில்லாததா என்பது சிறுநீர்ப் பைக்காரர்கள் கட்டாயம் யோசிக்கவேண்டியது. துளையில்லாத பெல்ட் பையின்மேல் அழுத்தினால் சிறுநீர் பையின் அடிக்கு இறங்க முடியாமல் ஸ்டோமாவைச் சுற்றியே தேங்கி, தட்டின் அடியில் புகுந்துவிடும். அதனால் பை முழுவதையும் வெளியே எடுத்துவிடும் துளையுள்ள வகை பொதுவாக வசதி. ஆனால் துளை ஒட்டுத்தட்டின் வளையத்தைவிடப் பெரிதாக இருந்தால், புடைப்பு அந்தத் துளை வழியாகவே பிதுங்கி வெளியே வரும். சரியான அளவு, உங்கள் தட்டின் வளையம் நுழையும் அளவு மட்டுமே. இருக்கும் பெல்ட்டில் நீங்களே கத்தரியால் துளை போட்டால் துணியின் இழுவிசை போய்விடும்.

போடும் முறை: காலையில் எழுந்து நடமாடுவதற்கு முன், பையைக் காலி செய்துவிட்டு மல்லாந்து படுங்கள். புடைப்பு உள்ளே அமரும்வரை சில நிமிடம் பொறுங்கள். பெல்ட்டை முதுகுக்கடியில் நழுவவிட்டு, பையைத் துளை வழியாக வெளியே இழுத்துச் சுருக்கமில்லாமல் விரித்து, இரு முனைகளையும் சமமாக இழுத்து ஒட்டுங்கள். இரண்டு விரல் நுழைய இடம் இருக்கவேண்டும். எழுந்து நின்று, அரை மணி நேரத்தில் பையில் சிறுநீர் வழக்கம்போல இறங்குகிறதா என்று பாருங்கள். புடைப்பு வெளியே வந்தபின் நின்றுகொண்டே பெல்ட்டை இறுக்குவது குடலை வெளியே வைத்துப் பூட்டுவதற்குச் சமம். இதை மட்டும் செய்யவே கூடாது.

இரவில் கழற்றிவிடுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள், சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையவேண்டும். மறையாவிட்டால் இறுக்கம் அதிகம். வலி எடுத்தாலோ, ஸ்டோமாவின் நிறம் கறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே கழற்றவேண்டும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்

வழக்கமாக மென்மையாக இருக்கும் புடைப்பு திடீரென்று கல்லுப்போல இறுகி, வலித்து, படுத்தாலும் உள்ளே போகவில்லை என்றால் அது அவசரம். கூடவே வாந்தி, வயிறு உப்புசம், ஆசனவாய் வழியாக வாயுவோ மலமோ போகாமை இருந்தால் குடல் சிக்கிக்கொண்டிருக்கலாம். இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். பையில் சிறுநீர் நன்றாக வந்துகொண்டிருக்கும், ஸ்டோமா ஒழுங்காக வேலை செய்கிறதே என்று காத்திருப்பார்கள். உங்கள் ஸ்டோமா குடலின் போக்குவரத்தைக் காட்டாது. அடைப்பு ஏற்பட்டாலும் சிறுநீர் வந்துகொண்டுதான் இருக்கும்.

ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலும் அவசரம். சாதாரணமாகத் தண்ணீர் குடித்தும் மூன்று நான்கு மணி நேரம் பையில் சிறுநீர் சேரவில்லை என்றால், பையின் குழாய் மடங்கவில்லை என்று முதலில் பாருங்கள், பிறகு தாமதிக்காமல் கிளம்புங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாப்பக்கம் வலியும் சிறுநீரகத் தொற்றைக் காட்டும். ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பையிலிருந்து மாதிரி எடுக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். பையில் எப்போதும் கிருமி இருக்கும். ஸ்டோமாவைச் சுத்தம் செய்து மெல்லிய குழாய் மூலம் எடுப்பதுதான் முறை. ஹெர்னியா இருப்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். உள்ளே பாதை வளைந்திருக்கும், அழுத்தித் தள்ளினால் காயம் படும். கிளம்பும் முன் எதுவும் சாப்பிடவேண்டாம், அறுவை தேவைப்பட்டால் வெறும் வயிறு உதவும். புடைப்பை நீங்களே பலவந்தமாக அமுக்கி உள்ளே தள்ளவும் வேண்டாம்.

மருத்துவர் என்ன பார்ப்பார், அறுவை எப்போது

நிற்கவைத்தும் படுக்கவைத்தும் இருமச்சொல்லியும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கையுறை அணிந்த விரலை ஸ்டோமாவுக்குள் விட்டு, ஓட்டையின் விளிம்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். புற்றுநோய்க் கண்காணிப்புக்காக எப்படியும் சிடி எடுப்பீர்கள். அப்போது ஹெர்னியாவையும் பார்க்கும்படி கோரிக்கைச் சீட்டில் எழுதச்சொல்லுங்கள், இருமிய நிலையில் அல்லது வயிற்றை முக்கிய நிலையில் எடுத்தால் சிறியதும் தெரியும். ஓட்டை 5 செ.மீ.க்குள் இருக்கிறதா, அதற்கு மேலா, நடுவயிற்றுத் தழும்பிலும் ஹெர்னியா சேர்ந்திருக்கிறதா என்று ஐரோப்பிய ஹெர்னியா சங்கத்தின் வகைப்பாட்டில் குறிப்பார்கள். சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்ற ஸ்கேனும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்த கிரியாட்டினின் அளவும் கூடவே பார்க்கவேண்டியவை.

குடல் சிக்கி ரத்த ஓட்டம் தடைபட்டால் உடனடி அறுவை. அடைப்பு திரும்பத் திரும்ப வருவது, சிறுநீர் ஓட்டம் தடைபடுவது, எல்லா வகைத் தட்டும் முயன்றும் கசிவு நிற்காதது, மேல்தோல் மெலிந்து புண்ணாவது, அன்றாடத்தை முடக்கும் வலி ஆகியவை திட்டமிட்ட அறுவைக்கான காரணங்கள். பார்க்க அழகாயில்லை என்பதற்காக மட்டும் அவசரப்படவேண்டாம், ஏனென்றால் சரிசெய்தபின்னும் திரும்ப வரும் வாய்ப்பு கணிசமாக இருக்கிறது.

ஓட்டையின் விளிம்புகளை இழுத்துத் தைத்துவிடுவது எளிது, ஆனால் பெரும்பாலும் விட்டுவிடும். ஸ்டோமாவை மறுபக்கத்துக்கு மாற்றினால் அங்கே புதிதாக ஒரு துளை, பழைய இடத்தில் ஒரு தழும்பு, இரண்டிலும் ஹெர்னியா வரலாம். ஆகவே இன்று வலை வைப்பதுதான் வழக்கம். வலையில் துளை போட்டுக் குடலைச் சுற்றி வைப்பது ஒரு வகை. பால் சுகர்பேக்கர் 1985-இல் விவரித்த முறையில், துளையில்லாத வலையால் ஓட்டையை மூடி, குடல் துண்டை வலைக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் ஓடவிடுவார்கள். பொதுவாக இதில் திரும்ப வருவது குறைவு. ஆனால் உங்கள் குடல் துண்டு குட்டையானது, அதில் சிறுநீரகக் குழாய்கள் இணைந்திருக்கின்றன. பக்கவாட்டில் இழுக்க நீளம் போதுமா, மடங்காதா என்பதை இந்த அறுவையில் பழக்கமுள்ளவர்தான் சொல்லமுடியும். ஹெர்னியா மருத்துவரும் சிறுநீரகவியல் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுப்பதே பாதுகாப்பு.

தேதி குறித்தபின் குறைந்தது 4 வாரமாவது புகைப்பதை முழுவதும் நிறுத்துங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், எடையைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். பைகளை மொத்தமாக வாங்கி அடுக்கவும் வேண்டாம். அறுவைக்குப் பின் ஸ்டோமாவின் வடிவமும் வயிற்றின் சரிவும் மாறிவிடும், முதல் 6 முதல் 8 வாரம் வீக்கம் வற்றவற்ற அளவு இறங்கிக்கொண்டே வரும். பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாரம் ஒருமுறை புதிதாக அளந்து வெட்டுங்கள்.